முரளி, வோர்னுக்கு எதிரே நிண்டவங்கள்: கையை வாசிச்சாங்களா, காலைச் சரியா வைச்சாங்களா?

மெட்டிங்_பிரியன்
திருகோணமலையில நெற்ஸ் (வலைப் பயிற்சி) பக்கம் போனா சின்னப் பெடியங்களுக்குச் சொல்ற ஒரே பாடம், "பந்து போடுறவன்ர கையைப் பார்". அது தேவைதான், ஆனா அரைவாசிதான். பெரிய துடுப்பாட்டக்காரர் பெரிய சுழற்பந்து வீச்சாளரைச் சமாளிச்ச இன்னிங்ஸ்களைத் திருப்பித் திருப்பிப் பாருங்கோ. பந்து குத்தின இடத்துக்கும் துடுப்புப் பட்ட இடத்துக்கும் எவ்வளவு தூரம் எண்டதிலதான் முழுக் கதையும் இருக்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பாப்பம். 85 கிலோமீற்றர் வேகத்தில வாற பந்து, ஸ்டம்பில இருந்து 4 மீற்றர் முன்னால குத்தி 5 பாகை திரும்புது எண்டு வையுங்கோ.

கிரீசை விட்டு இறங்கிப் போய், குத்தின இடத்தில இருந்து 40 சென்ரிமீற்றருக்குள்ள அடிச்சா விலகல் 3.5 செ.மீ. துடுப்பின்ர அகலம் 10.8, அதில பாதி 5.4. அப்ப பந்து இன்னும் துடுப்பின்ர முகத்திலதான்.

ஒரு எட்டு மட்டும் முன்னுக்கு வைச்சு, குத்தி 1.8 மீற்றர் வந்த பிறகு தொட்டா விலகல் 16 செ.மீ. குத்தினதில இருந்து கிடைக்கிற நேரம் ஏறத்தாழ 0.1 செக்கன். அதுக்குள்ள எந்த மனிசனாலயும் துடுப்பைத் திருத்தேலாது.

கிரீசுக்குள்ள ஆழமாப் போனா 3.3 மீற்றர், விலகல் 29 செ.மீ, ஆனா 0.19 செக்கன் கிடைக்குது. அந்த நேரத்தில ஓரளவு திருத்தலாம்.

முழுசா முன்னுக்கு, இல்லாட்டி முழுசாப் பின்னுக்கு. நடுவில நிக்கிறவன்தான் ஆட்டமிழக்கிறான். லாரா, டெண்டுல்கர், லக்‌ஷ்மன் எல்லாரும் செய்தது இதுதான் எண்டது என்ர வாதம். மறுப்பு இருந்தா எழுதுங்கோ.

பழைய_ஸ்கோர்புத்தகம்
உங்கள் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, தம்பி. 16 செ.மீ திரும்பும் பந்து விக்கெட் எடுக்காது. பந்தின் ஆரை சுமார் 3.6 செ.மீ. அதைத் துடுப்பின் பாதி அகலத்தோடு கூட்டினால் 9. விலகல் 9 செ.மீற்றரைத் தாண்டினால் பந்து விளிம்பையும் தொடாமல் போய்விடும். பார்ப்பவர்கள் "ஆகா" என்பார்கள், ஸ்கோர் புத்தகத்தில் ஒரு புள்ளி மட்டும் விழும்.

ஆளைக் கொல்லுவது 2 பாகை திரும்பும் பந்து. அதே 1.8 மீற்றரில் விலகல் 6.3 செ.மீ. நேரே விளிம்பில் பட்டு ஸ்லிப்புக்குப் போகும். நம் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் ரங்கன ஹேரத் 93 டெஸ்டில் 433 விக்கெட் எடுத்தது பெரிய திருப்பத்தால் அல்ல. ஒன்று திரும்பும், அடுத்தது அதே கையில் இருந்து, அதே லெங்த்தில் (குத்தும் தூரத்தில்) நேரே வரும். 2016 இல் அவுஸ்திரேலியா இங்கே 3-0 எனத் தோற்றபோது ஹேரத் எடுத்தவை 28. அந்தத் தொடரில் எத்தனை பேர் திரும்பாத பந்துக்குத் திருப்பத்தை எதிர்பார்த்து ஆடி எல்பி (ஸ்டம்புக்கு நேரே காலில் பட்டு ஆட்டமிழப்பு) ஆனார்கள் என்று மீண்டும் பாருங்கள்.

மெட்டிங்_பிரியன்
ஏற்றுக்கொள்றன் ஐயா. "விலகல் பெரிசு" எண்டு எழுதினதை "விலகல் கணிக்க முடியாதது" எண்டு திருத்தி வாசியுங்கோ. ஆனா முடிவு மாறேல்லத்தானே? 40 செ.மீற்றருக்குள்ள போயிட்டா 2 பாகையும் 5 பாகையும் ரெண்டுமே துடுப்பின்ர முகத்திலதான் படும்.

கோணமலை_11
மச்சான், ஒவ்வொரு பந்துக்கும் இறங்கிப் போக ஏலுமா? 85 கிலோமீற்றர் பந்து கையை விட்டுக் கிரீசுக்கு வர முக்கால் செக்கன்தான். மூண்டு எட்டு வைக்கணும். முரளிக்கு இறங்கிப் போய் டூஸ்ரா (அதே கையால மற்றப் பக்கம் திரும்புற பந்து) வந்தா ஸ்டம்பிங்தானே.

லாரா 2001 இல இஞ்ச வந்து 3 டெஸ்டில 688 ஓட்டம் அடிச்சார். 178, 40, 74, 45, 221, 130. எல்லாம் இறங்கி அடிச்சதா? இல்லை. கையைப் பாத்து, எது திரும்பும் எது திரும்பாது எண்டு முதலே தெரிஞ்சபடியாத்தான் பிந்தி ஆட முடிஞ்சது. அதே தொடரில முரளிக்கு 24 விக்கெட். வாசிக்கத் தெரியாதவங்கள் மற்றப் பக்கத்தில விழுந்துகொண்டே இருந்தாங்கள், மேற்கிந்தியத் தீவுகளுக்கு மூண்டு டெஸ்டும் தோல்வி.

நெற்ஸ்_சேர்
இரண்டு பேருமே சரி, ஆனால் வரிசை முக்கியம். முதலில் கை, பிறகு காற்றில் பந்து, பிறகு கால். கையில் இருந்து தெரிவது எந்தப் பக்கம் திரும்பும் என்பது மட்டும். லெங்த் கையில் தெரியாது. பந்து கண் மட்டத்துக்கு மேலே ஏறுகிறதா, எங்கே இறங்கத் தொடங்குகிறது என்பதில்தான் தெரியும். லாராவின் சிறப்பு, திசையை மிக முந்தியே அறிந்துகொண்டதால் மிச்ச நேரம் முழுவதையும் லெங்த்துக்குச் செலவழித்தது. தனக்கு மிகக் கடினமானவர் லாரா என்று முரளி பல தடவை சொல்லியிருப்பதும் சும்மா இல்லை.

இறங்கிப் போவதில் பிள்ளைகள் விடும் பிழைகளை எழுதுகிறேன். வலக்கைக்காரருக்குச் சொல்கிறேன்.

முதல் பிழை, பந்து கையை விட முன்னமே கிளம்புவது. நல்ல வீச்சாளர் அதைக் கண்டவுடன் லெங்த்தை இழுப்பார் அல்லது கால் பக்கம் தள்ளிப் போடுவார். பந்து கையை விட்ட பிறகுதான் இடக்கால் நகர வேண்டும்.

அடுத்தது எட்டு வைக்கும் முறை. இடக்கால், வலக்கால் அதன் குதிக்குப் பின்னால், மறுபடி இடக்கால். வலக்கால் முன்னால் குறுக்கே வந்தால் இடுப்பு திறந்து, பந்து மிட் விக்கெட்டில் உயரும்.

தலை. ஓடும்போது தலை எழும்பி இறங்கினால் லெங்த் கணிப்பு குழம்பும். முழங்கால் மடிந்தபடியே, தலை ஒரே உயரத்தில் போகவேண்டும். இதற்கு ஒரு மாதம் எடுக்கும், அவசரப்படக்கூடாது.

கடைசிப் பிழைதான் பெரியது: இறங்கியாகிவிட்டது, எனவே அடித்தே ஆகவேண்டும் என்று நினைப்பது. பந்து எட்டவில்லை என்று தெரிந்தால் துடுப்பையும் காற்காப்பையும் சேர்த்து வைத்துத் தடுக்கலாம். அப்படி இறங்கித் தடுக்கத் தெரியாதவருக்கு இறங்கி அடிக்கவும் தெரியாது.

பழைய_ஸ்கோர்புத்தகம்
இதற்கு மிகத் தெளிவான உதாரணம் 1998 மார்ச், சென்னை டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் டெண்டுல்கர் வோர்னை இறங்கி அடிக்கப் போனார், பந்து குத்தும் இடத்தை எட்டவில்லை, விளிம்பில் பட்டு ஸ்லிப்பில் டெய்லரிடம் பிடி. 4 ஓட்டம். இரண்டாம் இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 155. அதே வீச்சாளர், அதே களம்.

இடையில் மாறியது கோணம். வோர்ன் ஸ்டம்புக்குச் சுற்றி வந்து, லெக் ஸ்டம்புக்கு வெளியே காலடிகள் கிழித்த கரடான இடத்தில் குத்தினார். டெண்டுல்கர் அந்தப் பந்துகளைத் திருப்பத்துக்கு எதிராக மிட் விக்கெட் மேலே அடித்தார். தொடருக்கு முன்னமே டெண்டுல்கர், முன்னாள் லெக் ஸ்பின் வீச்சாளர் எல். சிவராமகிருஷ்ணனை வரவழைத்து, அதே கோணத்தில், கிழித்துவிட்ட பிட்சில் பந்து போடச்சொல்லிப் பழகியிருந்தார். பயிற்சி என்றால் அது. வரப்போகும் பந்தையே பழகுவது.

கோணமலை_11
வோர்னுக்கு இந்தியாவோட சராசரி ஒரு விக்கெட்டுக்கு 47.18 ஓட்டம். டெண்டுல்கரை டெஸ்டில 3 தரம்தான் எடுத்திருக்கிறார். அப்ப சுழலுக்கு எதிரா டெண்டுல்கர்தான் முதல் ஆள் எண்டு இழையை மூடலாமே?

பழைய_ஸ்கோர்புத்தகம்
மூடக்கூடாது. 1998 சுற்று முடிந்த கையோடு வோர்னுக்குத் தோள்பட்டையில் அறுவைச் சிகிச்சை. சராசரி இதையெல்லாம் சொல்லாது. வீச்சாளர் எந்த நிலையில் இருந்தார், மறுமுனையில் யார் போட்டார், களம் எத்தனையாம் நாள் என்பதை ஒதுக்கிவிட்டு எண்களை மட்டும் அடுக்கினால் இரண்டு பேருக்குமே அநியாயம்.

நிலாவெளி_அக்கா
2001 கொல்கத்தா லக்‌ஷ்மன் 281 பற்றி யாரும் எழுதேல்லையே? வோர்ன் கரடுக்குள்ள போட்டுக்கொண்டே இருக்க, ஒரே இடத்தில குத்தின பந்தை ஒருதரம் இறங்கிக் கவர் பக்கம் உள்ளேயிருந்து வெளியே அடிக்கிறார், அடுத்ததைத் திருப்பத்துக்கு எதிரா மிட் ஓன் பக்கம் அடிக்கிறார். தலைவருக்கு அதுக்கு வேலி போடவே ஏலாது. கவரை மூடினா மிட் ஓன் திறக்குது. வீச்சாளர் லெங்த்தை மாத்தினா பின்காலுக்குப் போய் இழுத்தடி. ஒரு பந்துக்கு ரெண்டு பதில் வைச்சிருக்கிறவரைக் கட்டுப்படுத்த எந்தப் பெரிய சுழற்பந்து வீச்சாளராலயும் ஏலாது. எனக்கு இதை விஞ்சின இன்னிங்ஸ் இல்லை.

அதே தொடரில மற்றப் பக்கமும் பாருங்கோ. பொன்டிங் 5 இன்னிங்ஸில 17 ஓட்டம், ஐஞ்சு தரமும் ஹர்பஜன்தான். பொன்டிங் அந்த நேரமே பெரிய ஆள். முன்கால் பாய்ஞ்சு போகுது, கை பந்தைத் தேடிப்போகுது, துடுப்பு காற்காப்புக்கு முன்னால இறுக்கமா நிக்குது. ஹைடன் அதே ஹர்பஜன் போட்ட தொடரில 549 ஓட்டம் அடிச்சார், சென்னையில 203. அவர் லக்‌ஷ்மன் மாதிரி இல்லை, ஸ்வீப் (முழங்காலை மடிச்சு, துடுப்பைப் படுக்க வைச்சுக் கூட்டியடிக்கிறது).

இடக்கை_கிண்ணியா
ஸ்வீப் வந்துட்டு! மெட்டிங் அண்ணாட கணக்கில ஸ்வீப்புக்கு இடமே இல்லை. ஸ்வீப் அடிக்கிறவன் முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை, நீங்கள் சொல்ற அதே ஆபத்தான நடுவிலதான் அடிக்கிறான். ரூட் 2021 இல காலியில 228, அடுத்த டெஸ்டில 186. அந்த ரெண்டாவது டெஸ்டில எம்புல்தெனிய ஒரு இன்னிங்ஸிலயே 7 விக்கெட் எடுத்தவர், ஆனா ரூட்டை அவரால எடுக்க ஏலேல்ல, ரன் அவுட். ரூட் முழுக்க ஸ்வீப்தானே. 2024 ஹைதராபாத்தில போப் 196, எத்தனை ரிவர்ஸ் ஸ்வீப். அன்டி ஃப்ளவர் 2000 இல இந்தியாவில ரெண்டே டெஸ்டில 540 ஓட்டம், ரிவர்ஸ் ஸ்வீப் அவற்ற பிரதான ஆயுதம்.

மெட்டிங்_பிரியன்
நல்ல கேள்வி தம்பி. ஸ்வீப்பில துடுப்பு படுத்திருக்கு. அப்ப பந்து 6 செ.மீ திரும்பினாலும் 16 திரும்பினாலும் துடுப்பின்ர நீளத்துக்குள்ளதான். பக்கவாட்டுப் பிழை மன்னிக்கப்படுது. ஆனா துடுப்பின்ர அகலம் இப்ப உயரக் கணக்குக்கு வந்திட்டுது. பந்து எதிர்பார்த்ததைவிட 6 செ.மீ உயர்ந்தா மேல்விளிம்பு, தாழ்ந்தா காற்காப்பு.

காலி மாதிரி திரும்பும், ஆனா பெரும்பாலும் ஒரே உயரத்தில வாற களத்தில ஸ்வீப் சரியான விடை. பந்து ஒண்டு முழங்காலுக்கும் ஒண்டு நெஞ்சுக்கும் வாற களத்தில ஸ்வீப் தற்கொலை. "எனக்கு ஸ்வீப் வரும்" எண்டு சொல்லி எல்லாக் களத்திலயும் அடிக்கிறது பிழை. திருப்பம் நிச்சயமில்லையா, உயரம் நிச்சயமில்லையா எண்டு முதல் மூண்டு ஓவரில பார்த்துத்தான் முடிவெடுக்கணும்.

இது எங்கட ஊருக்கு நேரடியாப் பொருந்தும். சீமெந்துத் தளத்தில தும்பு மெட்டை இறுக்கி அடிச்சா பந்து நல்லா எழும்பும், திருப்பம் வேகமா வரும். அதில ஸ்வீப் அடிக்கப் போனா கையுறையிலயோ மேல்விளிம்பிலயோ படும். பின்காலுக்குப் போய் வெட்டுறதும் இழுத்தடிக்கிறதும்தான் பலன் தரும். அப்பிடி வளர்ந்த பெடியன் கொழும்பில புல்தரையில ஆடப் போனதும் அதே லெங்த்துக்குப் பின்னுக்குப் போறான், பந்து கணுக்காலுக்கு வருது, எல்பி. அவனில பிழையில்லை. அவன்ர கண் மெட்டிங்ல லெங்த்தை அளந்து பழகின கண்.

அனுராதபுரச்சந்தி
மெட் தளர்வா இருந்தா?

மெட்டிங்_பிரியன்
தளர்வா இருந்தா பந்து மெட்டைக் கடிக்கும், திருப்பம் கூடும், வேகம் குறையும். ஆணி கழண்ட பக்கத்தில கூடுதலாத் திரும்பும், மற்றப் பக்கத்தில குறைவு. நேர்மையான பயிற்சி வேணுமெண்டா ரெண்டு ஓரத்தையும் சமமா இழுத்து அடியுங்கோ.

நெற்ஸ்_சேர்
டிஆர்எஸ் (நடுவர் முடிவைத் திரையில் மீளப் பார்க்கும் முறை) பற்றி ஒருவரும் தொடவில்லை. துடுப்பாட்டக்காரரின் முன்காலை மாற்றியதே அதுதான். 1957 எட்ஜ்பஸ்டனில் மேற்கிந்தியத் தீவுகளின் சுழற்பந்து வீச்சாளர் ராமதீன் முதல் இன்னிங்ஸில் 49 ஓட்டத்துக்கு 7 விக்கெட். இரண்டாவதில் இங்கிலாந்தின் பீட்டர் மேயும் கௌட்ரேயும் 411 ஓட்ட இணைப்பு, மே ஆட்டமிழக்காமல் 285, கௌட்ரே 154. எப்படி? எந்தப் பக்கம் திரும்புகிறது என்று வாசிக்க முடியாத பந்துக்கு இடக்காலை நீட்டி, துடுப்பைப் பின்னால் வைத்து, காற்காப்பால் வாங்கினார்கள். ராமதீன் அந்த ஒரு இன்னிங்ஸில் 98 ஓவர் போட்டார். பிறகு விதி மாறியது. அடிக்க முயலாமல் காலை நீட்டினால், ஓஃப் ஸ்டம்புக்கு வெளியே பட்டாலும் எல்பி கொடுக்கலாம்.

அடிப்பது போலத் துடுப்பைக் காலோடு ஒட்டி வைத்து ஏமாற்றுவது அதன் பின்னும் நடந்தது. நீட்டிய காலில் பட்டால் நடுவர் பெரும்பாலும் சந்தேகத்தின் பலனைத் துடுப்பாட்டக்காரருக்குக் கொடுத்தார். பந்தின் பாதையைத் திரையில் பார்க்கத் தொடங்கியதும் அந்தக் கால் ஸ்டம்புக்கு நேரே நிற்பது தெரிந்துவிட்டது.

ஆகவே இப்போது பழக்க வேண்டியது இது. முன்கால் பந்தின் கோட்டுக்குச் சற்று உள்ளே, லெக் பக்கமாக. துடுப்பு காலுக்கு முன்னால், பக்கத்தில் இடைவெளியோடு. கீழ்க்கையைத் தளர்த்தி இரண்டு விரலால் பிடித்தது போல. கீழ்க்கை இறுகினால் பந்து ஷோர்ட் லெக்கில் இருப்பவரின் கைக்குத்தான் போகும்.

கோணமலை_11
2024 ஓகஸ்ட், பிரேமதாசவில கோஹ்லி மூண்டு ஒருநாள் போட்டியிலயும் எல்பி. ஹசரங்க, வண்டர்சே, வெல்லாலகே. ரெண்டு லெக் ஸ்பின், ஒரு இடக்கைச் சுழல். மூண்டும் ஸ்டம்புக்கு நேரே வந்த பந்து. வண்டர்சே ரெண்டாவது போட்டியில 33 ஓட்டத்துக்கு 6 விக்கெட். சேர் சொன்ன முன்கால் பிரச்சினை இதுதானே?

நெற்ஸ்_சேர்
அதுதான். கோஹ்லியின் தரத்தில் உள்ளவருக்கும் அது நடக்கும் என்பதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். பந்து பழசாகி, களம் மெதுவாகும்போது திருப்பத்தை எதிர்பார்த்துத் துடுப்பு வெளியே போகிறது, திரும்பாத பந்து உள்ளே வந்து காலில் படுகிறது. திருத்தம் சின்னது: முதலில் நேரே வரும் பந்துக்கு ஆடு. திரும்பினால் தாண்டிப் போகட்டும். தாண்டிப் போன பந்து யாரையும் ஆட்டமிழக்க வைத்ததில்லை.

இடக்கை_கிண்ணியா
எங்கட அஜந்த மெண்டிசை மறந்துட்டீங்களே. 2008 இல அவர் கையை ஆருமே வாசிக்கேல்ல. இந்தியாவோட முதல் தொடரிலயே 3 டெஸ்டில 26 விக்கெட். அப்ப கோணமலை அண்ணன்ர "கையைப் பார்" எங்க போச்சு?

மெட்டிங்_பிரியன்
அருமையான இடம். காலியில சேவாக் கடைசி வரை நிண்டு ஆட்டமிழக்காமல் 201, அணி மொத்தம் 329. அதே இன்னிங்ஸில மெண்டிசுக்கு 6 விக்கெட். சேவாக் லெங்த்தைப் பார்த்தார். மெண்டிசின்ர பந்து வேகமானது, மிதப்புக் குறைவு, திருப்பம் அதிகமில்லை. அவரைச் சுழல் எண்டு நினைச்சு காத்திருந்தவங்கள் கெட்டாங்கள். உள்ளே வாற மிதவேகம் எண்டு நினைச்சு நேர்த் துடுப்பால முன்னுக்கு ஆடினவங்கள் தப்பினாங்கள். மற்ற அணிகளும் மெல்ல அதையே படிச்சுக்கொண்டுது.

உப்புவெளிக்கரை
காத்தையும் சேருங்கோ. ஓஃப் ஸ்பின் பந்து வலக்கைக்காரருக்குக் காத்தில ஓஃப் பக்கம் விலகும், லெக் ஸ்பின் கால் பக்கம் உள்ளே வரும். சுழலுற பந்தோட காத்து உரசுறதால வாற விலகல் அது. கச்சான் காத்து அடிக்கிற மாதங்களில பின்னேரம் பக்கக்காத்துப் பலமா இருந்தா இந்த விலகல் கூடும் அல்லது முழுக்க இல்லாமப் போகும், எந்த முனையில இருந்து போடுறாங்கள் எண்டதைப் பொறுத்து. முகத்துக்கு எதிரே காத்து வாற முனையில இருந்து போட்டா பந்து சடாரெண்டு இறங்கும். அரை மீற்றர் முந்திக் குத்தும். இறங்கி அடிக்கிறவர் அந்த முனைக்கு எதிரே ரெண்டு ஓவர் சும்மா பார்க்கணும். கொடி, மரக்கொப்பு, புழுதி எல்லாம் பார்த்துத்தான் காவல் எடுக்கணும்.

நிலாவெளி_அக்கா
இது புத்தகத்தில வராத விசயம், நன்றி. ஸ்மித் 2022 இல காலியில ஆட்டமிழக்காமல் 145, அதே டெஸ்டில பிரபாத் ஜயசூரிய அறிமுகத்திலயே 12 விக்கெட். 2025 இல வந்து ஸ்மித் 141, 131. ரெண்டாவதில கேரியோட 259 ஓட்ட இணைப்பு, கேரி 156. ஸ்மித் காலால ஆடுறார், கேரி ஸ்வீப். அந்த இணைப்பு முழுக்கப் பார்த்தா இந்த இழையில எழுதினது எல்லாம் ஒரே பக்கத்தில தெரியும்.

அனுராதபுரச்சந்தி
சேர், இதைப் பிள்ளைகளுக்கு எப்படிப் பழக்குறது? மெட்டிங்தான் இருக்கு.

நெற்ஸ்_சேர்
சோக்கால் மூன்று கோடு போடுங்கள். ஸ்டம்பில் இருந்து 3, 4, 5 மீற்றரில். 15 மீற்றர் தூரத்தில் இருந்து மேலே மிதக்கும்படி கையால் எறியுங்கள். முதல் 24 பந்துக்குத் துடுப்பே வேண்டாம். பந்து குத்தமுன் பிள்ளை "முன்" அல்லது "பின்" என்று சத்தமாகச் சொல்லவேண்டும். 24 இல் 20 சரியாக வரும்வரை துடுப்பைக் கொடுக்கக்கூடாது. அடுத்த 24 க்குத் துடுப்போடு, ஆனால் தடுப்பு மட்டும். 3 மீற்றர்க் கோட்டுக்கு இறங்கு, 5 க்குப் பின்னால் போ, 4 இல் விழுந்தால் தளர்ந்த கையோடு தடு. அடிக்கும் பயிற்சி மூன்றாவது 24 இல்தான்.

இடக்கை_கிண்ணியா
மெட்டிங்ல கரடு இல்லையே சேர். இடக்கைக்காரருக்கு ஓஃப் ஸ்டம்புக்கு வெளியில கரட்டில குத்தி வாறதுதான் பெரிய பிரச்சினை. அதை எப்படிப் பழகுறது?

நெற்ஸ்_சேர்
பழைய மெட்டில் ஒரு அடி அகலம், இரண்டடி நீளத் துண்டு வெட்டி, ஓஃப் ஸ்டம்புக்கு வெளியே 4 மீற்றர்க் கோட்டை மூடும்படி விரியுங்கள். அடியில் ஒரு சாக்கை மடித்து வைத்தால் சில பந்து எழும்பும், சில சறுக்கும். ஓரங்களை ஆணியால் அடியுங்கள், இல்லாவிட்டால் மூன்றாவது பந்தில் துண்டு பறக்கும். தோல் பந்து என்றால் ஹெல்மெட் இல்லாமல் ஒருவரையும் நிறுத்தாதீர்கள். முதல் வாரம் டெனிஸ் பந்து போதும்.